எமெல்டா டீச்சரின் ஓட்டைத் துணி

வேலைக்கான செய்தி வந்தபோது எமெல்டா கசூபா, எம்பிகா ஊர்ப் பேருந்து நிலையத்தில் வித்தும்புவா என்னும் மாவுருண்டைகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். ஆசிரியப் பயிற்சி முடித்துச் சில மழைக்காலங்கள் போயிருந்தன. அரசாங்கம் கூப்பிடும் கூப்பிடும் என்று காத்திருந்த பெரிய கூட்டத்தில் அவளும் ஒருத்தி. தம்பி மூச்சு வாங்க ஓடிவந்து விஷயத்தைச் சொன்னான். அவள் தலையை ஆட்டினாள். ஆனால் சட்டியில் மிதந்துகொண்டிருந்த உருண்டைகளைப் பொரித்து எடுத்து, எண்ணெய் வடித்து, வாங்கவந்தவர்களுக்குக் கொடுத்து முடித்த பிறகுதான் எழுந்தாள். எதையும் பாதியில் விட்டு எழுவது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வராது.

வேலை கிழக்கே, சிப்பாட்டா நகரத்தைத் தாண்டி லுன்டாஸி சாலையில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில். ங்கோனி இனத்தாரின் ஊர். பெம்பா இனத்துப் பெண்ணைக் கொண்டுபோய் ங்கோனிகள் நடுவில் போட்டது யாரோ ஒரு குசும்பு பிடித்த அதிகாரியின் வேலை என்று எம்பிகாவில் பேசிக்கொண்டார்கள். அப்படி எதுவும் இல்லை. காலியிடம் அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

போய்ச் சேர்ந்தது ஜனவரி மாதம். மழை விட்டிருந்த ஒரு காலையில் கொடிக்கம்பத்தைச் சுற்றிப் பிள்ளைகள் நின்றார்கள். தலைமை ஆசிரியர் ஜெரே நெட்டை மனிதர், சிரிக்காத முகம். ஒரு வகுப்பின் சத்தம் சாலைக்குக் கேட்டால் அந்த வகுப்பில் ஆசிரியர் இல்லை என்று அர்த்தம் என்பது அவருடைய கொள்கை. அவர் புது டீச்சரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அதே சிரிக்காத முகத்தோடு பேசினார்.

“பிள்ளைங்களா, டீச்சர் பெம்பா. நம்ம பக்கத்து மரத்துல எத்தனை குரங்கு இருக்குன்னு இன்னிக்கே பார்த்து வைச்சுக்குங்க. நாளையிலேர்ந்து குறைய ஆரம்பிக்கும்.”

எமெல்டா கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டாள்.

“பயப்படாதீங்க ஐயா. உங்க வீட்டு எலிப் பொந்துல நான் கை வைக்க மாட்டேன். அது உங்க சாப்பாட்டு அலமாரி, எனக்குத் தெரியும்.”

முதலில் சிரித்தது ஜெரேதான். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே பல பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பெம்பாவுக்கும் ங்கோனிக்கும் கேலி முறை. ஒரு காலத்தில் அடித்துக்கொண்டவர்கள். இரண்டு பக்கமும் சலித்துப்போய் ஈட்டியைக் கீழே போட்டார்கள். அதன் பிறகு வாய் மட்டும்தான் ஆயுதம். மாமன் மகனும் அத்தை மகளும் போல ஒருவரை ஒருவர் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ங்கோனி எலி தின்பவன், பெம்பா குரங்கு தின்பவன் என்பதில்தான் பேச்சே தொடங்கும். பதில் சொல்லாமல் இருப்பதுதான் மரியாதைக் குறைவு.

“நீ இந்த ஊர்ல நிலைச்சேன்னா, ஒரு நாள் எலி தின்னுவே பாரு,” என்றார் ஜெரே.

“நிலைச்சாப் பார்க்கலாம் ஐயா,” என்றாள் எமெல்டா.

அந்த ‘நிலைச்சா’ வெறும் பேச்சுக்கு இல்லை. தகுதிகாண் காலம் முடிவதற்குள் சிப்பாட்டாவிலிருந்து ஆய்வு அதிகாரி ஒருவர் வந்து, வகுப்பின் கடைசியில் உட்கார்ந்து அவள் பாடம் நடத்துவதைப் பார்ப்பார். அவர் சரி என்றால் வேலை நிரந்தரம். சரியில்லை என்றால் மறுபடியும் அந்தப் பெரிய கூட்டத்தின் வாலில் போய் நிற்க வேண்டும். பொரிக்கிற சட்டியை எமெல்டா கையோடு கொண்டுவந்து சமையலறைச் சுவரில் மாட்டியிருந்தாள். சகுனம் சரியில்லை என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். சட்டி நல்ல சட்டி, எம்பிகாவில் விட்டால் தம்பிகள் ஓட்டை போட்டுவிடுவார்கள் என்றாள் எமெல்டா.

அவளுக்குக் கொடுத்தது ஆறாம் வகுப்பு. இரண்டு பேர் உட்காரும் பெஞ்சில் மூன்று பேர், மீதிப் பேர் தரையில். இத்தனை பேருக்குத் தனித்தனியாகச் சொல்லிக்கொடுக்க ஒரு வாயால் முடியாது; குழுவாகப் பிரித்துவிட்டால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள் என்று கல்லூரியில் கற்பித்திருந்தார்கள். அவளும் பிரித்தாள்.

அப்போதுதான் சங்கதி வெளியே வந்தது. பிள்ளைகள் பேசவில்லை. ஒவ்வொரு குழுவிலும் வயதில் மூத்தவன் ஒருவன் இருந்தான். அவன் சொன்னதே விடை. மற்றவர்கள் தலையாட்டினார்கள். லாக்சன் என்று ஒருவன். சில வருஷம் மாடு மேய்த்துவிட்டுத் தாமதமாகப் பள்ளியில் சேர்ந்தவன், குரல் உடைந்து மீசை அரும்பியிருந்தது. ஏழெட்டு ஐம்பத்துநான்கு என்று அவன் சொன்னான். குழுவில் அத்தனை பேரும் ஐம்பத்துநான்கு என்று எழுதினார்கள். அவர்களில் ஃபலேசி என்ற சிட்டுப் போன்ற பெண்ணுக்கு வாய்ப்பாடு தலைகீழாகத் தெரியும். ஏன் சொல்லவில்லை என்று எமெல்டா கேட்டாள்.

“அண்ணன் சொல்லிட்டாரே டீச்சர்,” என்றாள் ஃபலேசி, கேள்வியே புரியாதவள் போல.

அடுத்ததாகப் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக முதுகோடு முதுகு உட்காரவைத்தாள். ஒருவர் கையில் படம் இருக்கும். பார்த்துச் சொல்ல வேண்டும். மற்றவர் படத்தைப் பார்க்காமல் கேட்டு வரைய வேண்டும். படத்தில் ஒரு வட்டக் குடிசை, பக்கத்தில் தானியக் குதிர். நசிலேலே என்ற பெண்ணிடம் அவளுடைய ஜோடி “ஒரு வீடு” என்று மட்டும் சொன்னான். அவள் அழகாக வரைந்தாள். தகரக் கூரை, வரிசையாக ஒரே மாதிரிக் கதவுகள், முன்னால் கொடிக்கம்பம். அவள் அப்பா போலீஸ்காரர், மேற்கே மோங்குவிலிருந்து மாற்றலாகி வந்த லோசி இனத்தவர். வீடு என்றால் அவளுக்குப் போலீஸ் குடியிருப்புதான். எப்படிப்பட்ட வீடு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றாள் எமெல்டா. நசிலேலே பதில் பேசவில்லை. அந்தப் பெண் யாரிடமும் பேசாது. வகுப்பில் அவள் குரலைக் கேட்டவர்கள் இல்லை.

எமெல்டாவுக்கு யோசனை கிடைத்தது பிப்ரவரியில், ங்கோனிகளின் முதல் விளைச்சல் விழாவில். பள்ளிக்கூடமே திரண்டு போயிருந்தது. தோலும் கேடயமும் தரித்த வீரர்கள் பூமி அதிர ஆடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஷூவும் டையுமாக ஒரு பெம்பாக்காரர் புகுந்து, முரட்டு வீரன் ஒருவனின் கேடயத்தைத் தட்டிப் பார்த்து, இத்தனை பெரிய தோலை எத்தனை எலியிலிருந்து உரித்தீர்கள் என்று விசாரித்தார். அந்த வீரனை வேறு யாராவது அப்படிக் கேட்டிருந்தால் கதை வேறு. அவனோ ஆட்டத்தை நிறுத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். எமெல்டாவின் பக்கத்தில் லாக்சனும் ஃபலேசியும் நின்றிருந்தார்கள். இருவரும் சிரித்தார்கள். ஆனால் எமெல்டா கவனித்தது வேறு. சிரித்துக்கொண்டே அந்த வீரன் குனிந்து பார்த்தான். கேடயத்தில் ஒரு வார் உண்மையிலேயே அறுந்திருந்தது. பெம்பாக்காரர் தட்டிக் காட்டியது அதைத்தான்.

திரும்பி வந்த வாரத்தில் அவள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் தன் சித்தேங்கே துணி ஒன்றை எடுத்தாள். அது பச்சை என்று சிலர் இப்போது சொல்கிறார்கள். தவறு. நீலம், மஞ்சள் மீன் போட்டது, அவள் அம்மா கொடுத்தது. அதில் கத்தரியால் மூன்று பெரிய ஓட்டைகள் போட்டாள். ஒரு குழு முழுவதும் துணியின் விளிம்பைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். பிளாஸ்டிக் பைகளைச் சுருட்டி ரப்பர் வாரால் கட்டிய பந்தை, ஓட்டைகளில் விழாமல் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு உருட்ட வேண்டும். ஒருவர் கை உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் பந்து போய்விடும். பேசாமல் முடியாது. மற்றக் குழுக்களுக்கு அம்மாக்கள் பழைய துணிகளைக் கொடுத்தார்கள். டீச்சர் நல்ல துணியை வெட்டுகிறாளாமே என்று வந்து பார்த்தவர்களும் உண்டு.

அதோடு ஒரு பையில் விதைகள். கையை விட்டு எடுத்தால் மக்காச்சோளம் வந்தவர் ங்கோனி, நிலக்கடலை வந்தவர் பெம்பா. பாட நேரம் முடியும்வரை அந்த முறை. கேலி செய்யலாம், ஆனால் கேலியில் வேலை இருக்க வேண்டும், எது சரியில்லை என்று சொல்ல வேண்டும். வீட்டாரை இழுக்கக் கூடாது, உடம்பைப் பழிக்கக் கூடாது. கேட்டவர் கோபிக்கக் கூடாது.

முதல் நாள் லாக்சனுக்குச் சோளம் வந்தது, ஃபலேசிக்குக் கடலை. துணியைப் பிடித்தார்கள். லாக்சன் வழக்கம்போல உயரமாகப் பிடித்தான். பந்து ஓட்டையில் விழுந்தது. மறுபடியும் விழுந்தது. ஃபலேசி கையிலிருந்த கடலையைப் பார்த்தாள், லாக்சனைப் பார்த்தாள்.

“ஏ எலிதின்னி, உன் பக்கம்தான் தூக்குது. பொந்துல எலி தேடறப்போ குனிவியே, அப்படிக் குனி.”

லாக்சனின் மூக்கு விடைத்தது. பிறகு அவனுக்கும் ஞாபகம் வந்தது: இது முறை. குனிந்தான். பந்து முதல் ஓட்டையின் ஓரமாகத் தயங்கித் தயங்கிப் போய்த் தாண்டியது.

அதன் பிறகு அந்த வகுப்பை நிறுத்த முடியவில்லை. கணக்கிலும் விதை, அறிவியலிலும் விதை. ஏழெட்டு எவ்வளவு என்று எலிதின்னிக்குக் குரங்குதின்னி சொல்லிக்கொடுத்தது. நசிலேலே மட்டும் விதையை எடுத்துக் கையில் மூடிக்கொள்வாள், பேசமாட்டாள். ஏன் என்று தனியாகக் கேட்டபோது, “நான் ரெண்டும் இல்லையே டீச்சர்,” என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. எமெல்டா வற்புறுத்தவில்லை. ஆனால் அது அவளுக்கு முள்ளாக உறுத்திக்கொண்டிருந்தது.

சத்தம் சாலைக்குக் கேட்டது. அந்த வழியாகச் சைக்கிளில் போன பாதிரியார், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் புதிதாகச் சாராயக் கடை வந்திருக்கிறதா என்று ஜெரேயிடம் விசாரித்தார். ஜெரே முகத்தை நீட்டிக்கொண்டார்; இருந்தும் தடுக்கவில்லை. ஆறாம் வகுப்பின் கணக்கு மதிப்பெண்களை அவரும் பார்த்திருந்தார்.

ஜூலையில் ஆய்வு அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. பெயர் ஹமூங்கா, தெற்கிலிருந்து வந்தவர், டோங்கா இனத்தவர். ஜெரே எமெல்டாவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“அவருக்கும் நமக்கும் முறை கிடையாது. பிள்ளைங்க ஒருத்தரை ஒருத்தர் எலி, குரங்குன்னு கூப்பிடறதைக் கேட்டா வசவுன்னு எழுதிட்டுப் போயிடுவார். உன் வேலை போயிடும்மா. ஒரு நாளைக்கு அடக்கி வை.”

அன்றைக்கு அவர் அவளை ஒரு தடவைகூடக் குரங்குதின்னி என்று கூப்பிடவில்லை. அதனாலேயே எமெல்டாவுக்குப் பயம் வந்தது. மறுநாள் வகுப்பில், அதிகாரி வரும் தினத்தில் விதைப் பை கிடையாது, எலியும் இல்லை குரங்கும் இல்லை, எல்லாரும் மரியாதையாகப் பேச வேண்டும் என்று சொல்லிவைத்தாள். பிள்ளைகள் சரி என்றார்கள். சொன்னால் கேட்கிற பிள்ளைகள்.

கேட்கவும் செய்தார்கள். ஹமூங்கா மெலிந்த மனிதர். கடைசிப் பெஞ்சில் முழங்கால்கள் மோவாயைத் தொட உட்கார்ந்து, ஃபைலை மடியில் விரித்துக்கொண்டார். எமெல்டா துணிகளைக் கொடுத்தாள். பிள்ளைகள் சுற்றி நின்று பிடித்தார்கள். வகுப்பு தேவாலயம்போல இருந்தது. லாக்சனின் கை உயர்ந்தது. ஃபலேசி அதைப் பார்த்தாள், அதிகாரியைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். பந்து பொத்தென்று விழுந்தது. அடுத்த குழுவிலும் விழுந்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விழுந்த பந்தை மரியாதையாக எடுத்து மறுபடியும் வைத்தார்கள், அது மறுபடியும் விழுந்தது. பேசுங்கள், கலந்து பேசுங்கள் என்று எமெல்டா சொல்லிப் பார்த்தாள். “சரி டீச்சர்” என்று ஒரே குரலில் பதில் வந்தது. ஹமூங்கா எழுதினார். அவர் பேனா எழுதும் சத்தம் அவளுக்குக் கேட்டது. சுவரில் மாட்டிய சட்டி கண்முன் வந்தது.

வாசலில் நின்றிருந்த ஜெரேவுக்குப் பொறுக்கவில்லை. வாழ்நாள் முழுக்க அமைதியான வகுப்பு வேண்டும் என்று கேட்டவருக்கே, அது கிடைத்த அன்றைக்குச் சகிக்கவில்லை. தொண்டையைச் செருமினார்.

“ஏம்மா குரங்குதின்னி, இது என்ன எழவு வீடா? எழவு வீட்டுலகூட உங்க ஆளுங்க வந்து சவப்பெட்டியைப் பிடிச்சுக்கிட்டு வம்பு பண்ணுவாங்களே.”

பேனா நின்றது. ஹமூங்கா நிமிர்ந்து பார்த்தார். வகுப்பு மொத்தமும் எமெல்டாவைப் பார்த்தது. சிரித்து மழுப்பலாம், பேசாமல் இருக்கலாம். ஆனால் முறைக்காரர் கூப்பிட்டுப் பதில் சொல்லாமல் இருப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியாது. எம்பிகாவில் யாருக்கும் தெரியாது.

“ஐயா எலிதின்னி,” என்றாள். “வாசல்ல நின்னு மோப்பம் பிடிச்சது போதும். லாக்சன் குழுவுல ஒரு மூலை தொய்யுது. வந்து பிடிங்க.”

ஜெரே உள்ளே வந்து பிடித்தார். நெட்டை மனிதர், துணி அவர் பக்கம் மலைபோல் எழுந்தது. பந்து எதிர்ப்பக்கம் ஓடி ஓட்டையை நெருங்கியது. ஃபலேசி அவரை அண்ணாந்து பார்த்தாள்.

“ஐயா… எலிதின்னி ஐயா. உங்க பக்கம் ரொம்ப உசரம். முட்டியை மடக்குங்க.”

தலைமை ஆசிரியர் முட்டியை மடக்கினார். “இன்னும்,” என்றான் லாக்சன். இன்னும் மடக்கினார். பந்து ஓட்டையின் விளிம்பில் நின்று, யோசித்து, சுற்றிக்கொண்டு போனது. அவ்வளவுதான், வகுப்பு உடைந்தது. எல்லாத் துணிகளிலிருந்தும் எலியும் குரங்கும் கிளம்பின. பந்துகள் ஓட ஆரம்பித்தன. சாலைக்கு நிச்சயம் கேட்டிருக்கும்.

ஹமூங்கா எழுந்து வந்தார். சத்தம் படிப்படியாக அடங்கியது.

“இதுக்கு என்ன பேர் டீச்சர்? பாடத்திட்டத்துல எங்க இருக்கு?”

“எங்கயும் இல்ல சார்,” என்றாள் எமெல்டா. இனி ஒளிக்க ஒன்றுமில்லை. “பெரியவங்ககிட்ட ‘நீங்க செய்யறது தப்பு’ன்னு சொல்ல இந்தப் பிள்ளைங்களுக்கு வாய் வராது. கேலி முறைக்காரங்ககிட்ட மட்டும்தான் வரும். அதனால எல்லாரையும் முறைக்காரங்களா ஆக்கிட்டேன். இன்னிக்கு நீங்க வர்றீங்கன்னு பயந்து நிறுத்தி வைச்சிருந்தேன். முதல்ல பார்த்தீங்களே, அது நிறுத்தினதால வந்தது.”

அவர் வகுப்பைச் சுற்றிப் பார்த்து, “இங்க லோசி யாராவது இருக்காங்களா?” என்று கேட்டார்.

தலைகள் எல்லாம் ஒரு பக்கமாகத் திரும்பின. நசிலேலே மெல்ல எழுந்தாள்.

“ஓகோ,” என்றார் அதிகாரி. “அவ்வளவு பெரிய ஆத்தை விட்டுட்டு இந்த வறண்ட காட்டுக்கு வந்துட்டியா. மீன் இல்லாம எப்படிச் சோறு இறங்குது உனக்கு?”

எமெல்டா வாயைத் திறந்தாள். அந்தப் பெண் பேசாது சார் என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் நசிலேலேவின் முகம் மாறிவிட்டது. ஊரை விட்டு வந்த நாளிலிருந்து யாரும் அவளை இப்படிக் கூப்பிட்டதில்லை.

“இறங்குது சார்,” என்றாள், தெளிவாக, கடைசிச் சுவருக்கும் கேட்கும்படி. “எங்க மாடெல்லாம் சௌக்கியமா? உங்க ஆளுங்ககிட்டதானே மேய்க்கக் குடுத்திருந்தோம். ஒண்ணும் தொலைஞ்சு போகலையே?”

வகுப்பில் யாருக்கும் அது புரியவில்லை. லோசிக்கும் டோங்காவுக்கும் இடையிலும் ஒரு கேலி முறை உண்டு; அது அவர்கள் இருவருக்கும் மட்டும்தான் புரியும். ஹமூங்கா சிரித்த சிரிப்பில் ஃபைல் கையிலிருந்து நழுவித் தாள்கள் தரையில் சிதறின. பிள்ளைகள் பொறுக்கிக் கொடுத்தார்கள். அவர் கோட்டைக் கழற்றிப் பெஞ்சில் போட்டுவிட்டு, நசிலேலேவின் குழுவில் ஒரு விளிம்பைப் பிடித்தார். பந்து அவர் பக்கமாகத்தான் விழுந்தது.

“மாடு மேய்க்கிற கை, அதான் இழுக்குது,” என்றாள் நசிலேலே. “விடுங்க சார். மெதுவா விடுங்க.” பிறகு பக்கத்தில் நின்றவனிடமும் திரும்பி, “நீயும்தான்,” என்றாள். பக்கத்தில் நின்றவன் கேலி இல்லாமலே கையைத் தாழ்த்தினான்.

போகும்போது அதிகாரி தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. ஓட்டைத் துணியை விரித்துப் பார்த்து, இது நீங்களே வெட்டியதா என்று கேட்டார். ஆமாம் என்றாள். நல்ல துணி, பாவம் என்றார். வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

பிறகு ஒரு தகவலும் இல்லை. முதல் பாதியைத்தான் எழுதியிருப்பாரோ, இரண்டாம் பாதியை எழுதினாரோ? பேனா எப்போது நின்றது என்பதை எமெல்டா மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். ஆகஸ்ட் பிறந்தது. அறுத்த வயல்களில் பையன்கள் தீ வைத்து, மண்வெட்டியோடு எலிப் பொந்துகளைத் தோண்டினார்கள். சாலையோரத்தில் குச்சிகளில் கோத்த எலிகள் விற்பனைக்கு நின்றன. ஒரு சனிக்கிழமை எமெல்டா சட்டியைச் சுவரிலிருந்து இறக்கி, மணல் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்து வைத்தாள். அழுக்காக இருந்தது, அதனால்தான் என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னாள்.

அன்று சாயங்காலம் ஜெரே வந்தார். ஒரு கையில் வாழை இலைப் பொட்டலம். வாசலில் நின்றபடி, கவிழ்த்திருந்த சட்டியைப் பார்த்தார், சிரிக்காத முகம்.

“சிப்பாட்டாவிலேர்ந்து போன் பண்ணினாங்க,” என்றார். பிறகு பொட்டலத்தை அவள் முன்னால் வைத்து அவிழ்த்தார். உப்புப் போட்டு வேகவைத்து நெருப்பில் வாட்டிய எலிகள், குச்சியோடு.

எமெல்டா எலிகளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“நிலைச்சுட்டே,” என்றார் ஜெரே. “சத்தம் அதிகம், ஆனா தேவையான சத்தம்னு எழுதியிருக்காராம். அடுத்த பருவத்துல மத்த பள்ளிக்கூடத்து டீச்சருங்களையும் கூட்டிட்டு வருவாராம். இப்போ பேச்சு மாறக் கூடாது. தின்னு.”

அவள் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அடுப்புப் புகை என்று சொல்லலாம், ஆனால் அடுப்பு எரியவில்லை. இருப்பதிலேயே சின்னதாக ஒன்றைத் தேடி எடுத்தாள். ஜெரே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேல் கழுத்தை நீட்டினாள். எமெல்டா கடித்தாள், மென்றாள், யோசித்தாள்.

“உப்புப் பத்தலை ஐயா.”

“குரங்குக்குப் போடற உப்பை எலிக்குப் போட்டா எலி தாங்காதும்மா,” என்றார் ஜெரே.

கையில் எடுத்ததை அவள் முழுவதும் தின்று முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். இரண்டாவதை எடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சட்டி வெயிலில் நன்றாகக் காய்ந்திருந்தது. திங்கட்கிழமை வகுப்புக்கு வித்தும்புவா பொரிப்பதற்காக அதை உள்ளே எடுத்துப்போனாள்.